இல்லை என்று சொல்லாத மனிதர்

குலசை விண்முனையத்தின் ஒப்படைப்புச் சாளரத்தில் அன்று கூட்டம் குறைவு. புதுமாப்பிள்ளை ஒருவன் வலது கண்ணைக் கழற்றிக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அரசு தரும் மங்கல் கண்ணை வாங்கிப் பொருத்திக்கொண்டான். பக்கத்தில் நின்ற மனைவி முகத்தை அவனுக்கு நேராக நீட்டினாள்.

"இப்ப நான் எப்படித் தெரியுதேன்?"

"கொஞ்சம் கலங்கலாத்தான். ஆனா முன்னைக்கு இப்பதான் நல்லாருக்க."

வரிசை சிரித்தது. அடுத்து நின்ற பங்குத்தந்தை தன் இடது முழங்காலை ஒப்படைத்துவிட்டு, இரவலாகக் கிடைத்த முழங்காலோடு விந்தி விந்திப் புறப்பாட்டுக் கூடத்துக்குள் போனார். நிலவிலிருந்து திரும்பி வரும்போது அவரவர் உறுப்பு அவரவருக்குக் கிடைத்துவிடும். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நிலவுக் குடியிருப்புகள் தனி நாடாகப் பிரிந்துபோன பிறகு வந்த ஏற்பாடு இது. முழங்காலுக்குள் சுழன்று மனிதனை விழாமல் காக்கும் கருவி, ஏவுகணையின் மூக்குக்குள் சுழன்று அதையும் வழிதவறாமல் காக்கும். இருட்டில் ஊசியில் நூல் கோக்கும் கண், இருட்டில் குறியும் பார்க்கும். இப்படி வீட்டுக்கும் போருக்கும் ஒன்றுபோல உதவுகிறவற்றுக்கு 'இருபயன் பொருள்' என்று பெயர். ஒருவர் உடம்பின் மொத்த மதிப்பில் இருபயன் பொருள்களின் மதிப்பு நாலில் ஒரு பங்கைத் தாண்டினால், அவர் பயணி அல்ல, சரக்கு. இதுதான் காற்பங்கு விதி. சதைக்கும் எலும்புக்கும் அரசு விலை உண்டு. வயது ஏற ஏற அந்த விலை இறங்கும். ஆகவே இளைஞர்கள் எஃகும் கண்ணாடியுமாக இருந்தாலும் மனிதர்களாகவே பயணம் போனார்கள். வயதானவர்கள் ஒரு செவிக்கருவியாலேயே சரக்காகிவிடும் ஆபத்தில் இருந்தார்கள். பங்கு மீறியவர்கள் எதையாவது கழற்றி வைத்துக் கணக்கைச் சரிசெய்துகொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதைப்போல அது பழகிவிட்டிருந்தது.

ஒப்படைப்பு முடிந்தவர்கள் ஜெசிந்தா பர்னாந்துவின் மேசைக்கு வர வேண்டும். அவள் ஏற்றுமதிக் காப்புத்துறையின் முதுநிலை ஆய்வர். அவள் மேசையில் மூன்று விளக்குகள் இருந்தன. பச்சை எரிந்தால் போகலாம். மஞ்சள் எரிந்தால் பரிசீலனை. சிவப்பு எரிந்தால் மறுப்பு. பச்சையும் மஞ்சளும் தேய்ந்து போகும் அளவுக்கு எரிந்திருந்தன. சிவப்பு எரிந்து யாரும் பார்த்ததில்லை. மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணம் முனையத்துக்கு வெளியே இருக்கும் பெரிய பலகையில் ஊரறியத் தெரியும். மஞ்சளுக்குக் காரணமே வேண்டாம். ஆய்வருக்கு ஐயம் வந்தால் போதும், சட்டத்தின் ஐயப்பிரிவு மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அன்று முற்பகலில், அவள் பதினாறு ஆண்டுகளாகக் காத்திருந்த பெயர் திரையில் வந்தது.

ஆதிலிங்கம். ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டு அதிகாரி. பயணத்தின் நோக்கம்: நிலவின் தென்துருவத்தில், நீர்க்குழிக் குடியிருப்பில் வாழும் மகளையும், பிறந்திருக்கும் பேரப்பிள்ளையையும் பார்த்தல்.

ஜெசிந்தா தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமலே வைத்தாள். இந்த நொடியை அவள் எத்தனையோ விதமாக மனத்துக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். எல்லாவற்றிலும் அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இப்போது எழவில்லை. அதில் அவளுக்குச் சிறிய ஏமாற்றம்.

நீர்க்குழியில்தான் அவள் தங்கை செலினும் இருந்தாள். பனிப்பாறை வெட்டும் வேலைக்குப் போனவள். நிலவுத்தூசு சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. பூமிக்குத் திரும்பவும் வழியில்லை. அங்கே எட்டு ஆண்டு இருந்த எலும்பு இங்கே எழுந்து நிற்காது, நொறுங்கிவிடும். நுண்சல்லடை பொருத்திய செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அனுப்பினால் போதும், பிழைத்துக்கொள்வாள் என்று அங்குள்ள மருத்துவர் சொன்னார். அந்தச் சல்லடை இரத்தத்தை வடிகட்டும். இன்னும் கொஞ்சம் பாடுபட்டால், குண்டு செய்ய உதவும் வாயுவையும் வடிகட்டும். அதனால் அது இருபயன் பொருள்களின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது. பட்டியல் ஆதிலிங்கத்தின் கையில் இருந்தது.

செலின் பேரில் ஜெசிந்தா மனு போட்டாள். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் கேட்டார். சாதனத்தைப் பயன்படுத்தப்போவது யார்? நோயாளி. நோயாளி பனிப்பாறை வெட்டுவதைத் தவிர வேறு வேலை பார்க்கிறாரா? இல்லை. நோயாளி இறந்தபின் சாதனம் யார் பொறுப்பில் இருக்கும்? அந்தக் கேள்வி வந்த அன்று ஜெசிந்தா கடற்கரைக்குப் போய், மணலில் உட்கார்ந்து, அதற்கும் பதில் எழுதினாள். செலின் இறந்து அடக்கம் முடிந்த பிறகும் ஒரு விளக்கம் கேட்டு வந்தது. அதற்கு மட்டும் அவள் பதில் எழுதவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, அந்தத் துறையின் தேர்வை எழுதினாள்.

பழிவாங்க நினைப்பவர்கள் கொதித்துக்கொண்டே இருப்பார்கள் என்பது தவறு. கொதிப்பது சீக்கிரம் வற்றிவிடும். ஜெசிந்தா தன் கோபத்தைக் கருவாட்டைப்போலப் பக்குவம் செய்து வைத்திருந்தாள். உப்பிட்டு, வெயில் காட்டி, ஈ மொய்க்காமல் பார்த்து. அதற்காகவே நேரத்துக்குச் சாப்பிட்டாள், உடம்பைப் பேணினாள், மேலதிகாரிகளிடம் பணிவாக இருந்தாள். அவளைப் பெண்பார்க்க வந்தவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்க வேண்டும். யாரும் இரண்டாம் முறை வரவில்லை.

"வணக்கம் தாயி. நானும் நம்ம துறைதான்" என்றார் ஆதிலிங்கம். பெரிய உடம்பு, வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு. தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையின் ரிப்பன் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தெரியும். உக்காருங்க."

"காற்பங்கு விதிய வரஞ்சது யாருன்னு நெனைக்கிய? இந்தக் கைதான்." வலது கையைத் தூக்கியவர், அது இரவல் கையென்று நினைவு வந்து சிரித்தார். "இதில்ல. அந்தா அந்தச் சாளரத்துல குடுத்துட்டு வாரேன் பாருங்க, அந்தக் கை."

"காதையும் குடுத்திருக்கிய போல."

"கேக்கதுக்கு என்ன தாயி இருக்கு? பேரன் அழுவுத சத்தம் எந்தக் காதுலயும் கேக்கும்."

அவர் கணக்கில் பிழையே இல்லை. விதியை எழுதியவர் அல்லவா, அதற்குள் எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காற்பங்குக்கு ஒரு மயிரிழை உள்ளேதான் இருந்தார். ஜெசிந்தா அவர் உடம்பின் வரைபடத்தைத் திரையில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் அவள் பார்வை நின்றது.

சிறுநீரகம். நுண்சல்லடை வகை. கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

நீக்கிய ஆண்டு அவளுக்குத் தெரியும். செலின் செத்த அடுத்த ஆண்டு. எல்லா நாடுகளும் அதைச் செய்யத் தொடங்கிய பிறகு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்று துறை முடிவுசெய்தது. இப்போது அது இந்த மனிதரின் சட்டைப் பொத்தானுக்குப் பின்னால், சத்தமில்லாமல், அவர் குடித்த காலைக் காப்பியை வடிகட்டிக்கொண்டிருந்தது.

அவள் எண்ணியிருந்தது மஞ்சள் விளக்கு. அதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. வெட்டினால் வலி ஒரு நாளில் முடிந்துவிடும், காக்கவைத்தால் முடியாது. அடுத்த வாரம் வாருங்கள், அடுத்த மாதம் வாருங்கள், மகளுக்கு வேறு வேலை உண்டா, பேரன் வளர்ந்தபின் என்ன ஆவான், நீங்கள் இறந்தபின் உங்கள் சிறுநீரகம் யார் பொறுப்பில் இருக்கும்? அவர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். குழந்தைச் சட்டை சிறிதாகிப் போக வேண்டும். பேரன் நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போய், தாத்தா என்ற சொல்லையே மறந்துபோக வேண்டும். அவள் விரல் மஞ்சள் பொத்தானுக்கு மேலே போயாகிவிட்டது.

அப்போது அவர் பேசினார். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்திருக்கும்.

"நீங்க புது ஆளு மாதிரி தெரியுதிய. ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. என் சர்வீஸ் முழுக்க ஒரு மனுவைக்கூட நான் தள்ளுனதில்ல. ஒருத்தருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல. எங்க அம்மா சொல்லுவா, அரிசிப் பானை காலியா இருந்தாலும் இல்லைங்கக் கூடாது, நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லணும்னு. அந்தப் புண்ணியந்தான், இன்னைக்கு மக வீட்டுக்குப் பேரனப் பாக்கப் போறேன்."

அவர் முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. இந்த மனிதர் தன்னை இரக்கமுள்ளவர் என்று நம்பிக்கொண்டிருந்தார். செலினுடைய மரணம் இவருடைய புண்ணியக் கணக்கில் ஏறியிருந்தது. இவரை மஞ்சளில் போட்டால், யாரும் தனக்கு 'இல்லை' என்று சொல்லவில்லை என்ற ஆறுதலோடு இவர் அந்த நாற்காலியில் சாகும்வரை இருப்பார். அந்த ஆறுதலும் இவருக்குக் கிடைக்கக் கூடாது. இந்தக் காதில் ஒரு முறையாவது அந்தச் சொல் விழ வேண்டும், இரவல் காதாக இருந்தாலும்.

ஜெசிந்தா சிவப்பை அழுத்தினாள்.

காரணம் கேட்டது திரை. அவள் யோசிக்கவே இல்லை. 'பயணி கட்டுப்பாட்டுப் பட்டியலை வகுத்தவர். எதைக் கொண்டு எதைச் செய்யலாம் என்ற அறிவு இவர் தலைக்குள் உள்ளது. தலையைக் கழற்றி ஒப்படைக்க வழியில்லை. ஆகவே மறுக்கப்படுகிறது.'

"பரிசீலனையா தாயி?" என்று கேட்டார் ஆதிலிங்கம், சிவப்பைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல."

"அப்ப எப்ப வரணும்?"

"வர வேண்டாம்."

"அடுத்த வாரம் வாரேன். ஒண்ணும் அவசரமில்ல."

"எந்த வாரமும் வர வேண்டாம். நீங்க போக முடியாது. இல்லைன்னு சொல்லுதேன்."

அந்தச் சொல்லை எங்கே வாங்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இரவல் கை மேசையில் எதையோ தேடியது. பிறகு எழுந்து, பையைத் தோளில் மாட்டி, "போயிட்டு வாரேன்" என்றார். கதவை நோக்கி நடந்தார். ஜெசிந்தா அவர் முதுகைக் கதவுவரை பார்த்தாள். அந்தக் காட்சியை ஒரு துளிகூடச் சிந்தாமல் பார்த்தாள்.

பக்கத்து மேசை இசக்கியம்மாள் ஓடிவந்தாள். துறைக்கு வந்து இரண்டு ஆண்டுதான் ஆன பெண். எதையும் மனத்துக்குள் வைக்கத் தெரியாதவள்.

"எக்கா, நெசமாவே தள்ளிட்டியளா? வெளிய பலகையில செவப்பா எரியுது. சனமெல்லாம் நின்னு போட்டோ எடுக்கு."

"எடுக்கட்டும்."

"அவருட்ட அப்படி என்னக்கா இருக்கு?"

"தலை இருக்கு."

இசக்கி யோசித்தாள். "அது நம்ம மேலதிகாரிட்ட இல்ல, அதான் அவரு மட்டும் வருசத்துக்கு ரெண்டு வாட்டி நெலாவுக்குப் போறாரு போல" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போன ஜெசிந்தா சீலா மீன் வாங்கிப் பொரித்தாள். நல்ல பசி இருந்தது. முதல் துண்டிலேயே நின்றுவிட்டது. பழி தீர்ந்தால் அமைதி வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். சட்டியை இறக்கிய பிறகும் அணைக்காமல் விட்ட அடுப்பைப்போல உள்ளே ஒன்று சும்மா எரிந்துகொண்டிருந்தது. நாளை எதற்காக நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்ற கேள்வி அவளுக்கு முதல்முறையாக வந்தது.

விண்முனையத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால், வரிசையாகக் கருப்பட்டிக் கடைகள். உடன்குடிக் கருப்பட்டிக்கு நிலவில் நல்ல கிராக்கி. கருப்பட்டிப் பெட்டிக்கு அடியில் ஒளிந்து போகிறவற்றுக்கு இன்னும் கிராக்கி. கடைக்காரர்களிடம் சின்னஞ்சிறு விண்கலங்கள் இருந்தன. அவர்களுடைய முப்பாட்டன்மார் கொழும்புக்கு ஓட்டிய மரக்கலத்தின் நினைவாக அவற்றுக்கும் தோணி என்றே பெயர். தோணிக்காரர்கள் தினமும் காலையில் செய்தியைப் பார்ப்பதற்கு முன்னால் முனையத்தின் மறுப்புப் பலகையைப் பார்ப்பார்கள். அது எப்போதும் காலியாக இருக்கும். ஒரு பொருள் பரிசீலனையில் இருந்தால் அது மதிப்புள்ளதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அரசே ஊரறிய இல்லை என்று சொன்னால் அதைவிட நற்சான்று வேறு உண்டா? அத்தனை காலத்தில் முதல் சிவப்பு அன்றுதான் எரிந்தது. அதுவும் ஒரு தலைக்காக.

இதெல்லாம் ஜெசிந்தாவுக்குத் தெரியாததல்ல. துறையில் எல்லோருக்கும் தெரியும். கோபத்தில் இருந்தவளுக்கு அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டு வேளையில், இசக்கி அலுவலகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் கண்ணாக இருந்தது.

"எக்கா, நெலாவுல இருந்து உங்களுக்கு அழைப்பு."

திரையில் ஆதிலிங்கம். மடியில் துணிப்பொதிபோல ஒரு குழந்தை. பின்னால் ஒரு பெண் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள். நிலவிலிருந்து வரும் சொல்லுக்கும் இங்கிருந்து போகும் சொல்லுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. பேசுகிறவர்கள் எல்லோரும் யோசித்துப் பேசுவதைப்போலத் தோன்றும்.

"தாயி, நல்லாருக்கியளா?"

ஜெசிந்தா கைப்பேசியை வாங்கி மேசைமேல் சாய்த்து வைத்தாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு மக ஒத்தக் கால்ல நிக்கா. அன்னைக்கு நீங்க சொன்னது முகத்துல அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. வீட்டுக்குப் போயி அழுதேன். சாயங்காலமே தோணிக்கார அண்ணாச்சி ஒருத்தரு கதவத் தட்டுதாரு. செவப்பு முத்திர விழுந்த தலைய நெலாவு அரசாங்கம் கேக்குதாம், ஏறுங்கன்னுட்டாரு. காசு வாங்கல. கருப்பட்டிப் பெட்டிக்கு எடயில எனக்கு மெத்த போட்டுக் குடுத்தாரு."

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

இடைவெளி. ஆதிலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"என் தலைக்குள்ள இருக்க ரகசியத்தச் சொல்லணுமாம். எனக்கு என்ன தாயி தெரியும்? மத்தவங்க கொண்டுவந்தத எழுதி வச்சேன், அவ்வளவுதான். ஆனா வீடு குடுத்திருக்காங்க, பாலு குடுக்காங்க. வந்தவங்கள இல்லைன்னு அனுப்ப முடியுமா? யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன். வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போறாங்க."

பின்னால் நின்ற மகள் சிரித்தாள். ஜெசிந்தாவின் பக்கத்தில் நின்ற இசக்கியும் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"செலின் பர்னாந்து" என்றாள் ஜெசிந்தா. "அந்த ஊருதான், நீர்க்குழி. நுண்சல்லடைக்கு மனு போட்டிருந்தா. ஞாபகம் இருக்கா?"

இந்த முறை இடைவெளி நீளமாக இருந்தது. அவர் உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார்.

"நான் தள்ளுனேனா தாயி?"

"இல்ல. நீங்க தள்ளல."

"பாத்தியளா" என்றார் ஆதிலிங்கம். அவர் முகம் தெளிந்தது. "எனக்குத் தெரியும், தள்ளிருக்க மாட்டேன்."

மகள் முன்னால் வந்தாள். "செலின் அக்காவா? இங்கருந்த பழைய ஆளுங்க சொல்லிருக்காங்க. அந்தச் சல்லடை அப்பவே தோணியில வந்துட்டுதான் இருந்துச்சு. அவங்களோட வேல செஞ்சவங்க ரெண்டு பேருக்கு அத வச்சு இப்பவும் ஓடுது. செலின் அக்காவுக்கும் எடுத்து வச்சிருந்தாங்களாம். மனு பரிசீலனைல இருக்கு, கள்ளச் சரக்கத் தொட்டா மனு கெட்டுப்போகும், எங்க அக்கா வேண்டாம்னு சொல்லிட்டா, அப்படின்னு சொல்லி வாங்கலையாம்."

அழைப்பு எப்போது முடிந்தது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. சோற்றுப் பாத்திரம் திறந்தபடி இருந்தது. 'பொறுத்துக்கோ செலின், அவங்க இல்லைன்னு சொல்லலையே' என்று தன் குரல், இளமையான குரல், நம்பிக்கையும் நேர்மையும் நிறைந்த பள்ளிக்கூட டீச்சரின் குரல், அவளுக்கு வெகு தெளிவாகக் கேட்டது. அந்த மனிதர் முதல் மனுவிலேயே இல்லை என்று எழுதியிருந்தால், அன்று மாலையே அவள் கருப்பட்டிக் கடைக்குப் போயிருப்பாள். நகையை விற்றுக்கொண்டு ஓடியிருப்பாள். மறுத்திருந்தால் செலின் பிழைத்திருப்பாள். அவளைக் கொன்ற அதே மனிதருக்கு, செலினுக்குக் கிடைக்காமல் போன அந்த ஒற்றைச் சொல்லை, ஜெசிந்தா தன் கையாலேயே கொடுத்து வழியனுப்பிவிட்டாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அணையாமல் கிடந்த அடுப்பில் யாரோ புதிதாகச் சட்டியை ஏற்றியதுபோல இருந்தது. இந்த முறை அந்தக் கோபத்துக்கு ஒரே ஒரு முகமல்ல. ஆதிலிங்கத்தின் திருநீற்று முகமும் அதில் இருந்தது, மஞ்சள் விளக்கும் இருந்தது, டீச்சரும் இருந்தாள்.

செய்தி பரவ நாளாகவில்லை. மறுக்கப்பட்டவர் கட்டணம் இல்லாமல் மெத்தையில் படுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார், பரிசீலனையில் இருந்தவர்கள் பரிசீலனையிலேயே இருக்கிறார்கள் என்றால், மக்கள் கணக்குப் போட மாட்டார்களா? மறுநாளிலிருந்து மற்ற மேசைகளில் ஆள் இல்லை. ஜெசிந்தாவின் மேசைக்கு முன்னால் வரிசை சாலைவரை நீண்டது. கையில் உறுப்புப் பெட்டிகளோடும் மருந்துக் குப்பிகளோடும் நின்றவர்கள், தங்களிடம் உள்ளது எவ்வளவு ஆபத்தான பொருள் என்று ஒருவருக்கொருவர் பெருமை அடித்துக்கொண்டார்கள்.

"என் மகனோட நெஞ்சு எந்திரம் இருக்குல்ல, அத வச்சுக் கப்பலையே கவுக்கலாமாம்."

"அடப் போங்க. எங்க வீட்டுக்காரரு செவிக்கருவி இருக்கே, அத நம்பி ரெண்டு நாடு சண்ட போடலாம்."

துறையும் கணக்குப் போட்டது. அந்த வார இறுதியில் எல்லாத் திரைகளிலும் சுற்றறிக்கை வந்தது. மறுப்பு என்பது பொருளின் மதிப்பைப் பகைவருக்குக் காட்டிக்கொடுப்பதால், இனி எவருக்கும் எக்காரணம் கொண்டும் மறுப்பு வழங்கலாகாது; எல்லா விண்ணப்பங்களும் கனிவுடன் பரிசீலனையில் வைக்கப்பட வேண்டும். இந்த நன்முறையைப் பல்லாண்டுகளுக்கு முன்பே கடைப்பிடித்து வழிகாட்டிய முன்னாள் அதிகாரி ஒருவரின் பெயரும் நன்றியோடு குறிப்பிடப்பட்டிருந்தது. ஒரு பணியாள் வந்து ஜெசிந்தாவின் மேசையிலிருந்து சிவப்பு விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அந்த இடத்தில் ஒரு சிறு துளை இருந்தது.

"மேலருந்து ஆள் வந்து பாத்துட்டிருக்காங்கக்கா" என்று இசக்கி காதோடு சொன்னாள். "இனிமே அந்தச் சொல்லையே சொல்லக் கூடாதாம். சொன்னா வேல போயிருமாம். நீங்க பேசாம மஞ்சளப் போட்டு விடுங்க."

வரிசையின் முதல் ஆள் மேசைக்கு வந்தாள். மணப்பாட்டிலிருந்து வந்த மீன்காரப் பெண். கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தாலும் கடல் கூடவே வந்திருந்தது. மகன் நீர்க்குழியில் பனி வெட்டுகிறான். பாறை சரிந்து தலையில் அடிபட்டதில் நடக்க முடியாமல் சுற்றிச் சுற்றி விழுகிறான். காதுக்குள் வைக்கும் சமநிலைக் கருவி ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்து, முடிச்சை அவிழ்க்காமல், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"தாயி, நான் படிக்காதவ. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். பரிசீலனைன்னு மட்டும் போட்டுராதிய. அவன் அத நம்பிக் காத்துக் கெடப்பான்."

மேலதிகாரி தூணுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். திரையில் மஞ்சள் பொத்தான் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அழுத்தினால் இந்தப் பெண் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போவாள். நல்ல மனிதர்கள் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். ஊறிக் கிடந்த கோபம் முழுவதையும் அடிவயிற்றிலிருந்து திரட்டினாள்.

"இல்லை" என்றாள், சாலைக்கு அந்தப் பக்கம் கருப்பட்டிக் கடைவரைக்கும் கேட்கும்படி.